மூணு வரி மெசேஜும் பன்னெண்டு நாள் தூக்கமும்



சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் இதைப் படிக்கிறவங்க அடிக்கடி சொல்ற ஒரு விஷயம் உண்டு. "உங்களுக்கென்னங்க, வயல், வாய்க்கால், மாடு கன்னுன்னு நிம்மதியா இருக்கீங்க. எங்களுக்கு ஆபீஸ் குரூப்பைத் திறந்தாலே வயித்தைக் கலக்குது." படிச்சிட்டு சிரிச்சுக்குவேன். வயித்தைக் கலக்க ஆபீஸ் தேவையில்ல. ஒரு செல்போனும், "முடியாது"ன்னு சொல்ல வராத ஒரு நாக்கும் இருந்தா போதும். ரெண்டும் எங்க திருவாரூர் பக்கத்துலயும் தாராளமா கிடைக்குது.

எல்லாரையும் திருப்திப்படுத்தணும்னு நினைக்கிற ஆளுங்களை ஒரு மெசேஜ் ஏன் இந்தப் பாடு படுத்துது? இந்தத் தடவை அதைப் பத்தித்தான் எழுதறேன். நானும் அந்த ஜாதிதான். ஊர்ல என்னை "நல்ல மனுஷன்"னு சொல்லுவாங்க. ஸ்பிரேயர் கேட்டா குடுப்பேன், ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கச் சொன்னா எடுப்பேன். அதுல எனக்கு சந்தோஷமும் உண்டு, பொய் சொல்லல.

போன ஐப்பசியில நடந்ததைச் சொல்றேன். சம்பா நட்டு முதல் மேலுரம் போடுற நேரம். எல்லார் கையிலயும் காசு வத்திப் போயிருக்கும். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, வீட்டம்மாவோட நகையை அடகு வைக்கக் கேட்டார். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை குடுத்திருக்கோம். இந்தத் தடவை பொண்ணுக்கு காலேஜ் பீஸ் கட்ட அதே நகையைத்தான் நம்பி இருந்தோம். அதனால "இப்ப முடியாதுண்ணே"ன்னு போன்ல சொன்னேன். "சரிப்பா"ன்னு வச்சிட்டார்.

அன்னிக்கு ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு மெசேஜ் வந்துச்சு.

"பரவாயில்ல தம்பி. சித்தப்பா இருந்திருந்தா எனக்கு இந்த நிலைமை வந்திருக்காது. இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

மூணே வரி. கெட்ட வார்த்தை ஒண்ணு கிடையாது. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லன்னு இருந்துச்சு. முதல் வரி, கோவம் இல்லைங்கிற மாதிரி. ரெண்டாவது வரி, செத்துப்போன எங்கப்பாவைக் கூட்டிட்டு வந்து திண்ணையில உக்கார வைக்குது. மூணாவது வரி கதவைச் சாத்துது. படிச்ச உடனே நெஞ்சு படபடன்னு அடிச்சுது, கை சில்லுன்னு ஆச்சு, சாப்பிட்ட சோறு அப்படியே நின்னுபோச்சு.

ஏன் உடம்பு இப்படிப் பண்ணுதுன்னு அப்புறம் தேடித் தேடிப் படிச்சேன். வரப்புல போறப்ப காலடியில நல்ல பாம்பு கிடந்தா என்ன நடக்குமோ அதேதான். அட்ரினலின் சுரக்குது, ரத்தம் வயித்தை விட்டு கை காலுக்கு ஓடுது, ஒண்ணு ஓடு இல்லன்னா அடின்னு உடம்பு தயாராகுது. ராபர்ட் சபோல்ஸ்கின்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி. வரிக்குதிரைக்கு ஏன் அல்சர் வரதில்லன்னு 1994-ல ஒரு புத்தகமே எழுதியிருக்கார். சிங்கம் துரத்துனா வரிக்குதிரை உயிரைக் கையில பிடிச்சிட்டு ஓடும். தப்பிச்சிட்டா கொஞ்ச நேரத்துல மறுபடி மேய ஆரம்பிச்சிடும். மனுஷன் மட்டும்தான் சிங்கம் போன பிறகும் மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கான். பாம்பு புதருக்குள்ள போயிடும். மெசேஜ் எங்கயும் போகாது, சட்டைப் பையிலயே படுத்திருக்கும். எடுத்துப் பாக்குறப்பல்லாம் மறுபடி படம் எடுக்கும்.

சரி, ஒரு சொல்லுக்கும் பாம்புக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாதா? 2003-ல நவோமி ஐசன்பெர்கர்னு ஒரு அம்மாவும் அவங்க கூட இருந்தவங்களும் கலிபோர்னியாவுல ஒரு சோதனை பண்ணாங்க. ஒருத்தரை ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு, கம்ப்யூட்டர்ல பந்து தூக்கிப் போடுற விளையாட்டு குடுத்தாங்க. கொஞ்ச நேரத்துல மத்த ரெண்டு ஆட்டக்காரங்களும் இவருக்குப் பந்தே போடாம தங்களுக்குள்ளயே ஆடிக்கிட்டாங்க. இத்தனைக்கும் அந்த ரெண்டும் நிஜ ஆளுங்களே இல்ல, கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. அப்படி ஒதுக்கப்பட்டப்போ, உடம்பு வலியில வேலை செய்யுற மூளைப் பகுதி ஒண்ணு முழிச்சுக்குதாம். முகம் தெரியாதவங்க பந்து போடலன்னாலே அப்படின்னா, கூடப் பொறந்தவன் மாதிரி இருக்கிற அண்ணன் "இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்"னா எப்படி இருக்கும்?

எங்க பக்கத்துல இதுக்கு வேர் இன்னும் ஆழம். உறவு சும்மா பாசத்துக்கு மட்டும் இல்ல. அவர் வயல் வழியாத்தான் என் வயலுக்குத் தண்ணி வரணும். நடவுக்கு ஆள் பத்தலன்னா அவர் வீட்டுலேர்ந்துதான் வரணும். நாளைக்கு ஒரு சாவுன்னா பாடைக்குத் தோள் குடுக்க பங்காளி வந்து நிக்கணும். பகைச்சுக்கிட்டவன் தண்ணி இல்லாம, ஆள் இல்லாம நிப்பான். அதனால சின்ன வயசுலேர்ந்தே "எதிர்த்துப் பேசாத புள்ள, சொன்ன வேலையைச் செய்யுற புள்ள"ன்னு கொஞ்சி வளத்தாங்க. அப்படி வளர்ந்தவனுக்கு தன் மதிப்பு தன்கிட்ட இருக்காது. நெல்லை நாலு பேர் வீட்டுக் குதிர்ல போட்டு வச்ச மாதிரி, அடுத்தவங்க முகத்துல இருக்கும். ஒருத்தர் முகம் சுளிச்சா அந்தக் குதிரே காலியான மாதிரி பதறுவான். ஒரு மெசேஜ் அவ்வளவு ஆழத்துக்கு இறங்குறதுக்குக் காரணம் இதுதான்னு எனக்குப் படுது.

மத்தவங்களும் இப்படி மெசேஜ் வாங்குறாங்கதானே? எங்க மச்சினனுக்கு இது வந்திருந்தா, "போடா நீயும் உன் நகையும்"னு ரெண்டு கெட்ட வார்த்தை பேசிட்டுக் குறட்டை விட்டிருப்பான். அவன் கோவம் வெளிய போயிடும். நம்ம மாதிரி ஆளுக்குக் கோவம் வரும், ஆனா வரக் கூடாதுன்னு முழுங்கிடுவோம். முழுங்குன கோவம் உள்ள போய் நம்மளையே விசாரிக்க ஆரம்பிக்கும். "நான் குரல் ஒசத்திட்டேனோ? முடியாதுன்னு சொன்னதுக்கு முன்னாடி நல்லா இருக்கீங்களான்னு கேட்டனா? அப்பா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பார்?"

அன்னிக்கு ராத்திரி பதில் அடிச்சேன், அழிச்சேன். பீஸ் கணக்கு, போன வருஷக் கடன், எல்லாத்தையும் விளக்கி நீளமா ஒண்ணு. அது குத்திக் காட்டுற மாதிரி இருக்குன்னு அழிச்சிட்டு மன்னிப்பு கேக்குற மாதிரி ஒண்ணு. செய்யாத குத்தத்துக்கு எதுக்கு மன்னிப்புன்னு அதையும் அழிச்சேன். வீட்டம்மா புரண்டு படுத்துக்கிட்டு, "யாருக்குங்க பரீட்சை எழுதுறீங்க இந்நேரத்துல?"ன்னாங்க.

தூக்கம் வரலன்னு கொட்டாயில போய் உக்காந்தேன். பசு படுத்துக்கிட்டு அசை போட்டுட்டு இருந்துச்சு. மனசுக்குள்ள ஒண்ணையே திரும்பத் திரும்ப ஓட்டுறதை நாம அசை போடுறதுன்னுதான் சொல்றோம். இங்கிலீஷ்ல அதுக்குச் சொல்ற ரூமினேஷனும் மாடு அசை போடுறதுலேர்ந்து வந்த வார்த்தைதான். ஆனா மாட்டுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. மாடு ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அவசரமா முழுங்குன வைக்கோல் வயித்துலேர்ந்து மேல வரும், மென்னு மென்னு பொடியாக்கி உள்ள அனுப்பும், பாலா மாறும். அசை போடலன்னாத்தான் மாட்டுக்கு சீக்குன்னு டாக்டரைக் கூப்பிடுவோம். நாம மெல்றது பொடியாகறதே இல்ல. மெல்ல மெல்ல பெருசாகுது. சூசன் நோலன் ஹொக்சிமான்னு ஒரு மனநல ஆராய்ச்சியாளர் இதையே பல வருஷம் ஆராய்ஞ்சவங்க. கஷ்டத்தையே சுத்திச் சுத்தி நினைக்கிறவங்களுக்கு வழி கிடைக்கறதில்ல, கவலைதான் நீளுதுன்னு எழுதியிருக்காங்க. உள்ள இருக்கிறவனுக்கோ ஏதோ வேலை செய்யுற மாதிரியே இருக்கும்.

ஏன் பொடியாகலன்னு யோசிச்சேன். ரெண்டு காரணம் தெரிஞ்சுது.

ஒண்ணு, அது பாதியில நிக்கிற பேச்சு. ப்ளூமா ஜைகார்னிக்னு ஒரு அம்மா பெர்லின்ல சோதனை பண்ணி 1927-ல எழுதினாங்க. ஆளுங்களுக்குச் சின்னச் சின்ன வேலை குடுத்து, சிலதைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க. முடிச்ச வேலையை விட, பாதியில நின்னதுதான் அவங்களுக்கு அதிகமா ஞாபகம் இருந்துச்சாம். முன்னாடியெல்லாம் சண்டைன்னா வாய்க்கா கரையில நின்னு கத்துவோம். யாராவது நடுவுல புகுந்து, "விடுங்கப்பா, டீ சாப்பிடுவோம்"னு இழுத்துட்டுப் போவாங்க. நல்லதோ கெட்டதோ அது அங்கயே முடியும். மெசேஜ் சண்டையில கடைசி வரி யார் சொன்னாங்கன்னே தெரியாது. பாத்ததுக்கு நீல டிக் விழுந்துடும், பதில் போகலன்னா அதுவே ஒரு பதிலாயிடும்.

இன்னொண்ணு, எழுத்துல குரல் இல்ல. க்ரூகர், எப்லின்னு ரெண்டு பேரும் அவங்க கூட இருந்தவங்களும் 2005-ல ஒரு ஆராய்ச்சி எழுதினாங்க. மெயில்ல கிண்டலா சொல்றோமா நிஜமா சொல்றோமான்னு படிக்கிறவங்களுக்குப் புரிஞ்சிடும்னு எழுதினவங்க நம்புறாங்க. படிச்சவங்க கண்டுபிடிச்சதோ கிட்டத்தட்ட காசு சுண்டிப் பாத்த மாதிரிதான். அதே வரியைக் குரல்ல கேட்டவங்களுக்கு நல்லாவே புரிஞ்சுது. அப்ப, மெசேஜுக்குக் குரல் குடுக்குறது யாரு? படிக்கிற நாமதான். அடுத்தவங்க கோவத்துக்குப் பயந்தே வளர்ந்தவன் என்ன குரல் குடுப்பான்? தனக்குத் தெரிஞ்சதுலயே கடுமையான குரலைத்தான் குடுப்பான். அந்த மூணு வரியையும் நான் நூறு தடவை படிச்சேன், நூறு தடவையும் அண்ணன் பல்லைக் கடிச்சிக்கிட்டுத்தான் பேசினார்.

பன்னெண்டு நாள் இப்படிப் போச்சு. களை எடுக்க வந்த பொம்பளைங்க, "என்ன தம்பி, கூப்பிட்டா காதுல விழல"ன்னு கேட்டாங்க. பொண்ணு பீஸ் கட்டின ரசீதை அனுப்புச்சு. அதைப் பாத்துக்கூட சந்தோஷம் வரல. அதுதான் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. எதுக்காக முடியாதுன்னு சொன்னேனோ அது நல்லபடியா நடந்திருக்கு, அதைக்கூட இந்த மூணு வரி தின்னுட்டு இருக்கு.

பதிமூணாம் நாள் காலையில முறைத் தண்ணி பாக்கப் போறப்ப அண்ணன் வயலுக்குப் போனேன். வரப்புல மடை அடைச்சிட்டு இருந்தார். என்னைப் பாத்ததும் நிமிர்ந்தார். அந்த முகத்துல நான் பன்னெண்டு நாளா கேட்ட குரல் இல்ல. கூச்சம்தான் இருந்துச்சு. "உரக்கடையில நாலு பேர் நிக்கிறப்ப பழைய பாக்கியைக் கேட்டுட்டான்டா. வந்த வேகத்துல உனக்கு அடிச்சிட்டேன்"னார். அவர் மெசேஜ் அனுப்புனது எனக்கு. அந்தச் சூடு மட்டும் கடைவாசலோடது.

"அண்ணே, நகை இப்ப முடியாது, பொண்ணு பீஸுக்கு வச்சாச்சு. ஆனா நீங்க அப்பாவை இழுத்தது கஷ்டமா இருந்துச்சு"ன்னேன். என் வாயிலேர்ந்தா இது வந்துச்சுன்னு எனக்கே ஆச்சரியம். அவர் பதில் சொல்லல. மம்முட்டியைக் கழுவிட்டு, "தண்ணி உனக்கு மத்தியானம் வரைக்கும் போகும், பாத்துக்க"ன்னார்.

உடனே எல்லாம் சரியாயிடல. வழக்கமா பொங்கலுக்கு வீட்டுக்கு வர்ற அண்ணன், இந்த வருஷம் பையன்கிட்ட கரும்பு மட்டும் குடுத்து அனுப்பினார். அது வலிக்கத்தான் செய்யுது. ஆனா அந்த வலி பொடியாகுது, தூங்க முடியுது. ஒருத்தருக்கு நம்ம மேல வருத்தம் இருக்கும்போதே நாம சோறு சாப்பிடலாம், நாத்து நடலாம், சிரிக்கலாம்ங்கிறது நாப்பத்தாறு வயசுல எனக்குப் புதுசு.

இப்ப நான் வச்சிருக்கிற பழக்கம் ரெண்டு மூணுதான். மனசைக் குத்துற மெசேஜ் ராத்திரி வந்தா, போனை மாடத்துல வச்சிட்டுப் படுத்துடுவேன். "பாத்தேன், நாளைக்குப் பேசுவோம்"னு ஒரு வரி போதும். அது பொய் இல்ல, பேச்சுக்கு ஒரு தேதி குறிக்கிறது. பதில் அடிச்சாத்தான் தீரும்னு கை பரபரத்தா தாள்ல எழுதிடுவேன், அனுப்ப மாட்டேன். முடிஞ்சா நேர்ல, முடியாட்டி போன்ல, குரலைக் கேட்டுட்டுத்தான் முடிவு கட்டுவேன். உங்க ஆபீசர் வெள்ளிக்கிழமை சாயந்திரம் "திங்கக்கிழமை பேசணும்"னு அனுப்பினா, "எதைப் பத்தி சார்?"னு ஒரு வரி கேட்டுடுங்க. ரெண்டு நாள் அசை போடுறதுக்கு அது எவ்வளவோ மேல்.

தூக்கமே போய், சோறு இறங்காம வாரக்கணக்கா ஓடுதுன்னா டாக்டர்கிட்ட போறதுல வெக்கம் வேண்டாம். மாட்டுக்குக் கூப்பிடுறோம், நமக்கென்ன.

நாளைக்கு உளுந்து தெளிக்கணும். ஈரம் காயறதுக்குள்ள முடிச்சாகணும். அடுத்த பதிவுல அதைப் பத்தி எழுதறேன்.