பஸ் ஏறிக் கடல் காண்போம்

மும்பை மாநகரில் பத்தாண்டு, இருபதாண்டு வாழ்ந்தும், குடியிருக்கும் வீடு, பணிபுரியும் அலுவலகம், இவ்விரண்டையும் இணைக்கும் இரயில் பாதை ஆகிய மூன்றையன்றி வேறொன்றும் அறியாத குடும்பங்கள் நம்மவருள் மிகப் பல. ஆண்டுக்கொரு முறை விடுமுறை வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறோம். திரும்பி வந்த மறுநாளே அடுத்த விடுமுறைக்கு நாள் எண்ணத் தொடங்குகிறோம். இடைப்பட்ட பதினொரு மாதமும், வண்டி மாறுவதற்காகச் சந்திப்பு நிலையத்தில் காத்திருக்கும் பயணியைப் போலவே இந்நகரில் பொழுது கழிக்கிறோம்.

பெரியவர்களாகிய நமக்கு இஃது அத்துணைத் துன்பமன்று. நினைத்துக்கொள்ள நமக்கோர் ஊர் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு அந்த நினைவும் இல்லை. ‘உன் ஊர் எது?’ என்று பள்ளியில் கேட்டால் பாட்டனாரின் ஊரைச் சொல்லும் குழந்தைக்கு, அவ்வூர் ஆற்றில் எம்மாதம் நீர் வரும் என்பது தெரியாது. மும்பை என்று சொல்லும் குழந்தைக்கோ மும்பையின் கடல் தெரியாது. ஈரூர்ப் பெயர் சொல்லியும் ஓரூரும் அறியாத மக்களாக அவர்களை வளர்த்துவிடலாகாது. அதற்கு நாம் கண்ட எளிய வழி, ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பஸ் பயணமும் அதனைத் தொடர்ந்த கால்நடையுமே.

இந்நகரில் முதல் மோட்டார் பஸ் 1926ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஓடிற்று. அந்த நிறுவனம் 1947இல் மாநகராட்சியின் உடைமையாயிற்று. ‘பெஸ்ட்’ என்று நாம் வழங்கும் அந்தச் சிவப்பு வண்டிகள் கடைவீதிக்கும் அலுவலகத்திற்கும் மட்டுமன்றி, மீனவர் குப்பங்களின் வாயில் வரையும் செல்கின்றன. 2025 மே மாதத்தில் கட்டணம் உயர்ந்த பின்னரும், குறைந்த கட்டணம் பத்து ரூபாய்தான். உல்லாசப் பயணம் செல்வந்தர்க்கே உரியது என்று எண்ணி வீட்டிலேயே அடைந்து கிடத்தல் வேண்டா.

முதலில் செல்லத்தக்கது மட் தீவு. மலாட் நிலையத்தின் மேற்குப் புறத்தில் பஸ் ஏறினால், மால்வணியின் நெருக்கத்தைக் கடந்தவுடன் காட்சி மாறுகிறது. சேற்று நிலத்தில் வேரூன்றி நிற்கும் அலையாத்திச் செடிகள், தென்னை, பனை, ஓட்டு வீடுகள் எனச் சாலையின் இருமருங்கும் சிற்றூராகிறது. அக்சாவில் இறங்கி, எரங்கல் வழியாக மட் வரை நடக்கலாம். கால் ஓய்ந்தால் அதே வழியில் வரும் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். எரங்கலில் மணற்கரையை ஒட்டியே போர்த்துக்கீசியர் காலத்துத் தேவாலயம் ஒன்று நிற்கிறது. சனவரி மாதத்து இரண்டாம் ஞாயிறன்று அங்கு நடைபெறும் திருவிழாவிற்குப் பல சமயத்தாரும் திரள்வர். மட் கோட்டை விமானப் படையினரின் பொறுப்பில் இருப்பதால் வெளியிலிருந்தே காண இயலும். மீளும்போது தோணித்துறையில் படகேறி வெர்சோவா சேரலாம். மழைக்காலத்தில் படகு நிற்கும். அதனை முன்னரே விசாரித்தறிக.

மட் குப்பத்தில் மூங்கில் கழிகளை வரிசையாக நட்டு, குறுக்கே கயிறு கட்டி, ‘பொம்பில்’ என்னும் மீனைத் தொங்கவிட்டு உலர்த்துவர். எம் அன்னையார் திருச்செந்தூரை அடுத்த கடலோர ஊரினர். தந்தையார் மறைந்தபின் எம்முடன் வந்து தங்கியவர். மூன்றாம் மாடியிலுள்ள வீட்டைவிட்டு, மருத்துவரிடம் செல்வதற்கன்றி, ஓராண்டாக அவர் இறங்கியதில்லை. ‘இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது?’ என்பதே அவர் எப்பொழுதும் கூறும் விடை. மட் குப்பத்தின் கருவாட்டு மணம் காற்றில் வந்ததும் அவர் நின்றார், நெடுமூச்செடுத்தார், எங்களை விட்டு முன்னே நடந்தார்.

அங்கே மீன் பிரித்துக்கொண்டிருந்த கோளி இனத்து முதியவள் ஒருத்தி இவரைக் கண்டு, ‘ஆஜி, பஸா’ என்றாள். அன்னையார் உடனே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலைப் பக்கம் திரும்பி, ‘பஸ் வந்துவிட்டதாம், வாருங்கள்’ என்றார். பள்ளியில் மராத்தி பயிலும் எம் மகள் சிரிப்பை அடக்க மாட்டாமல், ‘பஸ் இல்லை ஆச்சி, உங்களை உட்காரச் சொல்கிறார்கள்’ என்றாள். ‘ஆஜி’ என்றால் பாட்டி என்று அவள் விளக்கியபோது, ‘நம் பக்கத்திலும் ஆச்சிதானே!’ என்று கூறி அன்னையார் அம்மூதாட்டியின் அருகில் அமர்ந்துவிட்டார். அவர் தமிழிலும் அவள் மராத்தியிலும், இடையே எட்டு வயதுக் குழந்தை இரு மொழியிலுமாக, அரை மணி நேரம் உரையாடல் நடந்தது. உப்பு எவ்வளவு இடுவது, எத்தனை நாள் உலர்த்துவது என்பனவே பேச்சு. இப்பொழுது ஞாயிறு நெருங்கினால், ‘இந்த வாரம் எங்கே?’ என்று முதலில் வினவுபவர் அன்னையாரே.

குழந்தைகள் அங்குக் கற்றவையும் சில. நம் கிழக்குக் கரையில் ஞாயிறு கடலிலிருந்து எழும்; இங்கே கடலில் விழும். நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இந்த மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம்முள் சிலர் பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டமும், கோளி மக்கள் கடலுக்குத் தேங்காய் படைக்கும் நாரளி பூர்ணிமாவும் பெரும்பாலும் ஒரே நாளில் வருகின்றன.

இவை யாவினும் இன்றியமையாத வேறுபாடு ஒன்றுண்டு. உயிரைப் பற்றியதாதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம். சென்னைக் கடற்கரையில் கடல் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ 1 மீட்டரே மாறும். ஆதலின், கடல் வரும் போகும் என்ற எண்ணமே நமக்கு இல்லை. மும்பைக் கரையிலோ, பெரிய ஏற்றக் காலங்களில் அவ்வேறுபாடு 4 மீட்டரையும் தாண்டும். இக்கரைக்கு அப்பால் கடலடித் தரை மிகு தொலைவு வரை ஆழமின்றி அகன்று கிடப்பதே அதற்கு ஒரு காரணம். வற்றத்தின்போது பரந்து தோன்றும் மணலிலும் பாறையிலும் நெடுந்தொலைவு நடந்து சென்றவர், திரும்பும்போது வந்த வழியில் நீரைக் காண்பர். அக்சாவில் இழுப்பு மிகுதி; அங்குக் குளிக்க இறங்கி மாண்டவர் பலர். ஆகவே அக்சாவில் கரையில் நடப்பதோடு நிற்க. குழந்தைகளை நீரில் விடற்க. மழைக்காலத்தில் கடற்கரைப் பக்கமே செல்லற்க.

ஏற்றம் எப்பொழுது என்பதை அறிவது கடினமன்று. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதிய வழிகாட்டி. அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி, இக்கரையில் நண்பகல் அளவிலும் நள்ளிரவு அளவிலும் ஏற்றம் நிகழும். காலை, மாலை ஆறு மணி அளவில் நீர் வற்றியிருக்கும். அதன்பின் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். அஷ்டமியளவில் இந்நிலை தலைகீழாகி, காலை, மாலைகளில் ஏற்றமும் நண்பகலில் வற்றமும் அமையும். அந்நாட்களில் ஏற்றத்தின் உயரமும் குறைவு. இஃது உத்தேசக் கணக்கே. புறப்படும் நாளில் செய்தித்தாள்கள் வெளியிடும் ஏற்ற நேரத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்க. நீர் இறங்கும் பொழுதில் நடந்து, ஏறத் தொடங்குமுன் மேடேறி விடுதலே முறை.

கடலோடு வயலும் தோப்பும் காண விரும்புவோர் வசாய்க்குச் செல்க. மேற்கு இரயில்வேயின் வசாய் ரோடு நிலையத்தில் இறங்கினால் கோட்டைப் பக்கம் செல்லப் பஸ் கிடைக்கும். வழியில் வாழைத் தோட்டங்களும் கிணறுகளும் நம் தாமிரபரணிக் கரையை நினைவூட்டும். குஜராத் சுல்தான் பகதூர் ஷா 1534இல் உடன்படிக்கையால் விட்டுக்கொடுத்த இவ்விடத்தில் போர்த்துக்கீசியர் பெருங்கோட்டை எழுப்பினர். 1739இல் சிமாஜி அப்பா தலைமையில் மராட்டியர் அதனைக் கைப்பற்றினர். 1802இல் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டதும் வசாயிலேதான். பாடநூலில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் ஆண்டுகளை, ஆலமரம் வேரோடிய சுவர்களுக்கிடையே நின்று கேட்ட குழந்தை மறவாது. கோட்டைக்கு அப்பால் மீன்பிடித் துறையும் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கு நடப்பதற்கு ஏற்ற காலம்.

நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவும் பொங்கல் விழாவும் நடத்துவது போலவே, மாதம் ஒரு ஞாயிறு இத்தகைய நடையொன்றை ஏற்பாடு செய்யலாம். வாடகை வண்டி வேண்டா. நிலைய வாயிலில் கூடிப் பொதுப் பஸ்ஸிலேயே செல்லலாம். புளியோதரையும் தயிர்ச்சோறும் ஒவ்வொரு வீட்டிலும் கட்டிக் கொடுத்தால் உணவுச் செலவும் இல்லை. அதனைக் கட்டும் வேலை மகளிர்க்கு மட்டும் ஆகாதிருத்தல் நன்று. உண்ட இலையையும் காகிதத்தையும் கடற்கரையில் எறியாது உடன் கொண்டு வருக. வீட்டைவிட்டு இறங்காத முதியோரைக் கட்டாயம் அழைத்துச் செல்க. வழியில் மொழி தெரியாத இடத்தில் பேசும் பொறுப்பைக் குழந்தைகளிடம் விடுக. அவர்கள் நம்மினும் நன்கு பேசுவர்.

நம் ஊரை மறக்கவேண்டும் என்பதன்று நம் கருத்து. அதனை நினைத்திருக்கும் நெஞ்சில் இந்த ஊருக்கும் இடமுண்டு என்பதே. அடுத்த ஞாயிறு என்ன திதி என்று இன்றே நாட்காட்டியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.