பெரிய மீனைத் தேடி எந்தத் தீவுக்கு?

பினாங்கில் பிறந்து, வெல்ட் கீ படகுத்துறையில் காற்று வாங்கி வளர்ந்தவர்களுக்கும் கடலுக்குள் என்ன இருக்கிறது என்பது எளிதில் தெரிந்துவிடாது. மலாக்கா நீரிணையின் தண்ணீர் வண்டல் கலந்தது. பத்து பெரிங்கியில் இடுப்பளவு ஆழத்தில் நின்றாலே கால்விரல் தெரியாது. நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறி இந்தத் துறைமுகத்தில் வந்திறங்கிய எங்கள் பாட்டன் பாட்டிமாருக்குக் கடல் என்பது எப்படியாவது கடந்துவிட வேண்டிய தூரம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளான நாங்களோ அதே கடலுக்குள் இறங்குவதற்கு, அதுவும் ஆளைவிடப் பெரிய உயிர்களைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்கு, ஆண்டு முழுக்க வெள்ளி சேர்த்து வைக்கிறோம்.

எங்களில் பலருக்கும் ஆரம்பப் பள்ளி பாயார் தீவுதான். லங்காவிக்குத் தெற்கே, கெடா மாநிலத்தைச் சேர்ந்த சிறிய கடல் பூங்கா அது. கரையோரம் முழங்காலளவு தண்ணீரிலேயே கருமுனைச் சுறாக் குட்டிகள் சுற்றிவரும். முதன்முதலாக உயிரோடு ஒரு சுறாவைப் பார்க்கிறவருக்கு அதுவே போதும். ஆனால் ஆசை அங்கே நிற்பதில்லை. அடுத்து கொம்பன் சுறா வேண்டும். இறக்கை விரித்தால் படகளவு இருக்கும் ஆனைத் திருக்கை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மீன்களிலேயே பெரியதான திமிங்கலச் சுறா வேண்டும். எந்தத் தீவுக்குப் போவது என்ற வாக்குவாதம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வாக்குவாதம் எங்கள் முக்குளிப்புக் கூட்டத்தில் பெரும்பாலும் நாசி கண்டார் கடை மேசையில் நடக்கும். "அண்ணே, பேசாம சிப்பாடான் போயிடலாம்" என்று இளையவர் ஒருவர் ஆரம்பிப்பார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூத்தவர், "தம்பி, முதல்ல பெர்மிட் கிடைக்குதான்னு பாரு. லீவு போட்டுட்டு செம்போர்னாவுல சும்மா உட்கார்ந்திருக்கவா?" என்பார். இன்னொருவர் மாலத்தீவு படத்தைக் கைப்பேசியில் காட்டுவார். தேத்தண்ணி ஆறிப்போகும், முடிவு வராது.

முடிவு வராததற்குக் காரணம், எல்லோரும் விலங்கிலிருந்து பேச்சைத் தொடங்குவதுதான். தொடங்க வேண்டியது காற்றிலிருந்து. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாடைக்காற்று அடிக்கும்போது ரெடாங், தெங்கோல், தியோமான் என்று கிழக்குக் கரைத் தீவுகள் பெரும்பாலும் கடையைக் கட்டிவிடும். அதே மாதங்களில் மேற்கே அந்தமான் கடல் அமைதியாக இருக்கும். தாய்லாந்தின் சிமிலான் தீவுகள் அக்டோபர் நடுவில் திறந்து மே நடுவில் மூடுகின்றன. அங்கிருந்து வடக்கே, சூரின் தீவுகளுக்குப் பக்கத்தில் உள்ள ரிச்சலூ பாறையில் திமிங்கலச் சுறாவைப் பார்க்கும் வாய்ப்பு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அதிகம். தென்சீனக் கடலில், கோத்தா கினபாலுவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் லாயாங் லாயாங் பவளத்திட்டில் கொம்பன் சுறாக் கூட்டத்துக்கு ஏப்ரல், மே மாதங்கள். மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் திருக்கைகள் மிதவை உயிர்களை மேய வருவது ஜூன் முதல் நவம்பர் வரை. இந்தப் பட்டியலை நமது விடுமுறைகளோடு பொருத்திப் பார்த்தாலே பாதித் தீவுகள் தாமாகக் கழன்றுவிடும். தைப்பூசத்தையும் சீனப் புத்தாண்டையும் ஒட்டி லீவு எடுக்க முடிந்தவருக்கு அந்தமான் கடல்தான் வழி. தீபாவளி நேரத்தில்தான் முடியும் என்றால் கிழக்குக் கரையை மறந்துவிட வேண்டும்.

அடுத்து உடம்பு. பெரிய விலங்குகள் சும்மா ஓரிடத்துக்கு வருவதில்லை. நடுக்கடலில் செங்குத்தாக எழும் பாறையில் நீரோட்டம் மோதி, ஆழத்துச் சத்தை மேலே கொண்டுவரும் இடத்துக்குத்தான் வரும். சிப்பாடான் அப்படிப்பட்ட தீவு. 600 மீட்டர் ஆழத்திலிருந்து தூண் போல எழுந்து நிற்கிறது. கரையிலிருந்து சில அடி நடந்தால் தரை முடிந்து கரும்நீலம் தொடங்கிவிடும். அங்கே பாராகுடா முனையில் இறங்கியபோது, சுழன்று நின்ற மீன் கூட்டத்தை ரசித்ததைவிடப் பாறையைப் பற்றிக்கொள்ளாமல் நீரோட்டத்தோடு போவதற்கு மூச்சைச் சீராக விடக் கற்றதுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. கொம்பன் சுறாவைப் பார்க்க வேண்டுமானால் சுவரைவிட்டு விலகி, 30 மீட்டர் ஆழத்தில், மேலும் கீழும் ஒரே நீலமாக இருக்கும் வெளியில் மிதக்க வேண்டும். தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான். அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டுவது வீண்.

ஆபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. வேகமாக மேலேறினால் அது இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழியாகிவிடும். அதற்கு மருந்து அழுத்த அறைச் சிகிச்சை. பினாங்கிலிருந்து பார்த்தால் லுமுட் கடற்படைத் தளத்தில் அந்த வசதி உண்டு. ஆனால் கோஸ்டா ரிக்காவின் கோகோஸ் தீவுக்குக் கரையிலிருந்து 550 கிலோமீட்டர். படகில் ஒன்றரை நாள். படத்தில் அழகாகத் தெரியும் அந்தத் தனிமைக்கு இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. இன்னொன்று: பல முறை முக்குளித்தபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. தவாவ் வழியாக விமானத்தில் திரும்புகிறவர் கடைசி நாளைக் கரையில்தான் கழிக்க வேண்டும். ஹாட்யாய் வழியாகக் காவோ லாக் வரை காரில் போய்வருகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குறைந்த லீவில் போகும் பினாங்குக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

காற்று, உடம்பு, ஆபத்து மூன்றையும் கணக்குப் பார்த்த பிறகும் இரண்டு மூன்று தீவுகள் மிச்சமிருக்கும். அப்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்தத் தீவு நம்மை அதிகம் தடுக்கிறது?

சிப்பாடானையே எடுத்துக்கொள்வோம். 2000 ஏப்ரலில் ஆயுதக் கும்பல் 21 பேரைக் கடத்திச் சென்றதால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட தீவு அது. 2002 டிசம்பரில் அதன் உரிமை குறித்த வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் அது மலேசியாவுக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் அரசு செய்த நல்ல காரியம், 2004 இறுதிக்குள் தீவிலிருந்த தங்குவிடுதிகள் அனைத்தையும் வெளியேற்றியது. ஒரு நாளைக்கு 120 பேர் என்று வரம்பு வைத்தார்கள். பிறகு அதை உயர்த்தினார்கள். பெர்மிட் கிடைக்காமல் புலம்புகிறவர்கள் ஏராளம். ஆனால் அங்கே ஒரே இறக்கத்தில் பச்சை ஆமைகளை எண்ணி மாளாது. ஹனிஃபாருவில் 2012 முதல் சிலிண்டரோடு இறங்கவே தடை. மூச்சுக்குழாய் மட்டும்தான், அதற்கும் நேர வரம்பு உண்டு. சிமிலானில் 2018இல் தினசரி எண்ணிக்கைக்கு வரம்பு விதித்துத் தீவில் இரவு தங்குவதையும் நிறுத்தினார்கள். அதற்கு முன்பே 2016இல் கூட்டம் தாங்காத தாச்சாய் தீவைச் சுற்றுலாவுக்கு மூடிவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறு பிலிப்பைன்ஸின் ஒஸ்லோப். மீனவர்கள் படகிலிருந்து இறால்குஞ்சு போட்டுத் திமிங்கலச் சுறாக்களைக் கரைக்கு அருகே பழக்கிவைத்திருக்கிறார்கள். காலையில் போனால் கட்டாயம் பார்க்கலாம். நீந்தத் தெரியாதவரும் பார்க்கலாம். ஆனால் கையேந்திப் பழகிய விலங்கு படகைக் கண்டால் விலகாமல் நெருங்கி வருகிறது. அதன் வாயோரத்திலும் முதுகிலும் காயம் படுகிறது. பார்ப்பது உறுதி என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்த உறுதிக்கு விலை கொடுப்பது விலங்கு.

ஒரு காலத்தில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் சுறாவைத் தடுக்க மந்திரம் போடும் கடல்கட்டிகளைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தார்கள். அவர்கள் இருந்தால்தான் குளியாட்கள் இறங்குவார்கள். சுறா வரக்கூடாது என்று கூலி கொடுத்த இனத்தின் பிள்ளைகள் சுறா வர வேண்டும் என்று இப்போது கட்டணம் கட்டுகிறோம். அது வர வேண்டுமானால் முதலில் உயிரோடு இருக்க வேண்டும். மலேசியா 1999இல் திமிங்கலச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது, இந்தியா 2001இல். மாலத்தீவு 2010இல் சுறா பிடிப்பதையே முற்றாகத் தடைசெய்தது. இந்த ஜார்ஜ் டவுன் விருந்துகளில் சுறாத் துடுப்புச் சூப் பரிமாறப்படுவதைக் குறை சொல்கிற நம் வீடுகளில் சுறாப் புட்டு மணக்கிறதே என்று கேட்டால், அந்தக் கேள்வியும் நியாயம்தான். நான் புட்டை விட்டுவிட்டேன். மற்றவர்களிடம் வற்புறுத்துவதில்லை; ஆனால் தீவுக்கு விமானம் ஏறுகிறவரிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவேன்.

ஆகவே முதல்முறை பெரிய விலங்கைத் தேடிப் போகும் பினாங்குக்காரருக்கு என் யோசனை இதுதான். பாயாரில் மிதப்பைக் கட்டுப்படுத்தப் பழகுங்கள். அடுத்த நிலைச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, மார்ச் மாதத்தில் சிமிலான், ரிச்சலூ பக்கம் படகிலேயே தங்கிச் செல்லுங்கள். பெர்மிட் கிடைக்கிற ஆண்டில் சிப்பாடான். மாலத்தீவும் அதற்கப்பாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு நாளைக்கு அங்கே எத்தனை பேருக்கு அனுமதி? "எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம் சார்" என்று பதில் வந்தால், வேறு தீவைப் பாருங்கள்.