ஏழாம் நம்பர் ரோடும் எங்கப்பாவும்

ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இந்தப் பதிவை மட்டும் நாலு தடவை எழுதி நாலு தடவை அழிச்சிருக்கேன். இன்னிக்கு எப்படியும் போட்டுடணும்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. ரோட்டுல போனா போர்டு படிக்கணும், கல்லு எண்ணணும். கிலோமீட்டர் கல்லுல மேல மஞ்சள் அடிச்சிருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை, இதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ரெண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவுல குட்டிக் குட்டியா 2, 4, 6, 8னு கல்லு நிக்கும் பாருங்க, அது 200 மீட்டருக்கு ஒண்ணு. தங்கமணி என்னைக் கூப்பிடுறதே "கல்லு பாக்குற மனுசன்"னுதான். போகட்டும்.

இந்த வியாதி வந்த கதைக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். அப்பா லாரி டிரைவர். கோவில்பட்டியில தீப்பெட்டி லோடு ஏத்தினா நாக்பூர் வரைக்கும் போவாங்க. சேலம், பெங்களூரு, ஹைதராபாத், எல்லாம் ஒரே ரோடு. அப்போ அதுக்குப் பேரு என்.எச். 7, வாரணாசியிலேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும். அப்பாவுக்கு அது "ஏழாம் நம்பர்". 2006 மே லீவுல என்னையும் கேபின்ல ஏத்திக்கிட்டாங்க. நான் தூங்கிடக் கூடாதுன்னு ஒரு விளையாட்டு: "எய்யா, அடுத்த கல்லுல என்ன நம்பரு?" சரியாச் சொன்னா சேலத்துல பரோட்டா. எனக்குத் தூக்கம் வரக் கூடாதுங்கிறதுக்காக இல்ல, அவங்களுக்கு வரக் கூடாதுங்கிறதுக்காகத்தான் அந்த விளையாட்டுன்னு புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.

2010-ல மத்திய அரசு நாடு பூரா நெடுஞ்சாலை எண்ணை மாத்திட்டாங்க. லாஜிக் ரொம்ப அழகு. வடக்கு தெற்கா போற ரோட்டுக்கு இரட்டைப்படை எண், கிழக்கேயிருந்து மேற்கே போகப் போக எண் ஏறும். கிழக்கு மேற்கா போறதுக்கு ஒற்றைப்படை, வடக்கேயிருந்து தெற்கே வர வர ஏறும். அதான் லே போற ரோடு 1, ராமேஸ்வரம் போற ரோடு 87. மூணு இலக்கம்னா கடைசி ரெண்டும் தாய் ரோட்டோட எண். திருமங்கலத்துல பிரிஞ்சு ராஜபாளையம், செங்கோட்டை வழியா கொல்லம் போறது முன்னாடி 208. இப்போ 744, அதாவது 44-லேர்ந்து பிரியற கிளை. நம்ம ஏழாம் நம்பர், ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு 3,700 கிலோமீட்டருக்கு மேல ஓடுற 44-க்குள்ள கலந்துடுச்சு. ஜி.எஸ்.டி. ரோட்டைத்தான் கண்டதுண்டமா வெட்டிட்டாங்க. திண்டிவனம் வரைக்கும் 32, அங்கேயிருந்து விழுப்புரம் 132, அதுக்கப்புறம் திருச்சிக்கு 38. முன்னாடி மொத்தமும் 45. (ஜி.எஸ்.டி.ன்னதும் வரி ஞாபகம் வர்றவங்க மன்னிக்கவும், ரோடுதான் சீனியர்.)

நம்ம பாஷையில சொன்னா, இது ஒரு பெரிய ரீஃபாக்டரிங். கோடு சுத்தமாயிடுச்சு. பழைய பேரை மனப்பாடம் பண்ணி வச்சிருந்த யூசருக்குத்தான் யாரும் சொல்லல.

அப்பாவுக்கு மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் அது ஏழாம் நம்பர்தான். "இப்போ ஏழுங்கிறது பத்ரிநாத் போற ரோடுப்பா, நீங்க பாட்டுக்கு அதுல போனா சாமி கும்பிட்டுட்டுத்தான் திரும்பணும்"னு கிண்டல் பண்ணுவேன். சிரிப்பாங்க.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். லாரியை விட்டதுக்கப்புறம் அப்பா ஒரு பழைய ஆம்னி வாங்கி வச்சிருக்காங்க. காலையில மாட்டுத்தாவணிக்கே வந்து நின்னாங்க. தாராளமா பஸ்ல வந்திருப்பேன், ஆனா மகனைக் கூட்டிட்டுப் போக வண்டியில வர்றதுல அவங்களுக்கு ஒரு கெத்து. திருமங்கலம் நெருங்குறப்போ சும்மா பழைய விளையாட்டை ஆரம்பிச்சேன்.

"அப்பா, அந்த போர்டுல என்ன போட்டிருக்கு?"

"ராஜபாளையம், செங்கோட்டை, கொல்லம். எரநூத்தி எட்டு."

போர்டுல 744னு இருந்தது. வழக்கம்போல பழைய நம்பர்னு சிரிச்சேன். ஆனா ஒரு விஷயம் உறுத்துச்சு. கிண்டலுக்கு ஏழுன்னு சொல்றது வேற. எதிர்ல கொட்டை எழுத்துல வேற எண் இருக்கிறப்போ, "இப்போ என்னமோ மாத்தி வச்சிருக்கான்"னாவது சொல்லணுமில்ல? குட்டிக் கல்லைக் கேட்டேன். டக்குனு "ஆறு"ன்னாங்க, சரி. அடுத்தது "எட்டு", அதுவும் சரி. சந்தோஷம்தான், ஆனா அது படிக்காமலே சொல்லக்கூடிய பதில். எண்ணிக்கிட்டே வந்தா போதும்.

விருதுநகர் தாண்டி பாலம் வேலை. மாற்றுப்பாதைன்னு மஞ்சள் போர்டு, அதுக்கு அந்தப் பக்கம் ரோட்டை மறிச்சு சிமெண்ட் கட்டை. வண்டி எண்பதுல போகுது. எண்பதுன்னா நொடிக்கு 22 மீட்டர். அப்பா காலை எடுக்கவே இல்ல. "அப்பா!"ன்னு நான் கத்தினதும் பிரேக்கை மிதிச்சாங்க, வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நின்னுச்சு. கட்டைக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கலாம், அவ்வளவுதான்.

"தெரியும்லே. எதுக்கு இப்படிக் கத்துத?"

தெரிஞ்ச ரோட்டுல எது எங்கே இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். நேத்து வச்ச போர்டு மட்டும் தெரியாது.

சாத்தூர் டீக்கடையில நிறுத்தினோம். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கிறப்போ முதல் படிவத்துலயே ஒரு கேள்வி இருக்கு: நல்ல பகல் வெளிச்சத்துல, கண்ணாடி போடுறவர்னா கண்ணாடியோட, 25 மீட்டர் தூரத்துல இருக்கிற காரோட நம்பர் பிளேட் தெரியுமான்னு. எதிர்த்தாப்புல ஒரு வெள்ளைக் கார் நின்னுச்சு. ரோட்டைக் கடக்குற மாதிரி அடி எண்ணிப் பார்த்துட்டு வந்தேன், இருபது மீட்டர்கூட இருக்காது. நம்பர் என்னன்னு கேட்டேன்.

டீயை ஒரு வாய் குடிச்சாங்க. "டி.என்..." அப்படின்னு நிறுத்திட்டாங்க. டி.என். எல்லாருக்கும் தெரியும்.

முப்பத்தஞ்சு வருஷம் அந்தக் கண்ணை நம்பித்தான் எங்க வீட்டுல உலை கொதிச்சுது. நான் படிச்ச எஞ்சினியரிங்கும் அதுலதான். நான் என்ன பேசுறதுன்னு முழிச்சுக்கிட்டு நிக்கிறப்போ, அவங்களே சாவியை எடுத்து டீ கிளாஸ் பக்கத்துல வச்சாங்க. "நீ எடு. அம்மாட்ட நாம்பாட்டுக்குச் சொல்லிக்கிடுதேன்." கோவில்பட்டி வர்ற வரைக்கும் வேற ஒரு பேச்சும் இல்ல.

மறு வாரமே மதுரையில கண் ஆஸ்பத்திரி. வலது கண்ணுல புரை முத்தியிருந்தது, ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வச்சாச்சு. இடது கண்ணுல கண் நீர் அழுத்தம். அது சத்தமில்லாம நரம்பைத் தின்னிருக்கு, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டு இருக்கிறதைக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொன்னாங்க. எப்போலேர்ந்து தெரியலன்னு கேட்டதுக்கு அப்பா என்னைப் பார்க்காம, "ரெண்டு வருசம் இருக்கும்"னாங்க. அந்த ரெண்டு வருஷத்துல மூணு தடவை அவங்க வண்டியில நான் பக்கத்துல உட்கார்ந்து, அவங்க நம்பரைத் தப்பாச் சொல்றாங்கன்னு சிரிச்சிருக்கேன்.

ஆம்னியை விக்கல. விக்கிற பேச்சை எடுக்க எனக்கும் தைரியமில்ல. நான் ஊருக்குப் போனா நான்தான் ஓட்டுறேன், அப்பா இடது பக்க சீட்டு. ஆரம்பத்துல ரொம்ப சங்கடமா இருந்தது. கியர் மாத்துறப்போ எல்லாம் அவங்க கால் தன்னால அமுங்கும்.

போன மாசம் செக்கப்புக்கு மதுரை கூட்டிட்டுப் போய்ட்டுத் திரும்புறப்போ, திருமங்கலம் பக்கத்துல திடீர்னு, "போர்டு வருது பாரு. கொல்லம், எழுநூத்தி நாப்பத்தி நாலு"ன்னாங்க. வலது கண்ணுல படிச்சாங்களா, நான் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகிப்போச்சான்னு தெரியல. கேட்கவும் இல்ல.

"சரிதாம்ப்பா"ன்னேன்.

"அப்போ சாத்தூர்ல பரோட்டா வாங்கித் தா."