அட்டா நதிக்கரையில் ஓர் ஊர்

ஆற்றங்கரை ஊர்களுக்கென்று ஓர் அமைதி உண்டு. ஊர் பார்க்கச் செல்பவன் அவ்வமைதியைக் கண்டு மகிழ்ந்து, இரண்டொரு படங்களைப் பிடித்துக்கொண்டு, மாலையில் நகருக்குத் திரும்பிவிடுகிறான். வட இத்தாலியிற் பயணஞ்செய்த நாட்களில் நாமும் அத்தகைய ஓர் அமைதியை நாடியே கிறெஸ்பி டட்டா என்னும் சிற்றூருக்குச் சென்றோம். நாடிச் சென்ற அமைதி அங்கே இருந்தது. ஆனால், அது எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்கத் தொடங்கிய பின்னர் எம்மால் அதனை எளிதிற் பாராட்டிவிட முடியவில்லை.

மிலான் நகரிலிருந்து வடகிழக்கு நோக்கிச் சுரங்க இரயிலிலும், அதன்பின் பஸ்ஸிலும் சென்றால் திரெட்சோ என்னும் ஊர் வரும். கோமோ ஏரியிலிருந்து வெளிப்படும் அட்டா நதி இவ்விடத்திற் பாறைக் கரைகளிடையே வளைந்து ஓடுகிறது. வளைவின் மேட்டில் விஸ்கொந்திப் பிரபுக்களின் இடிந்த கோட்டை நிற்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் அவர்கள் இங்கே 72 மீற்றர் தூரத்தை ஒரே வளைவாற் கடக்கும் கற்பாலம் ஒன்றை அமைத்தார்கள். 1416ஆம் ஆண்டுப் போரில் அது இடிக்கப்பட்டது. கோட்டையின் அடியில், நீரோரத்தில், 1906ஆம் ஆண்டில் எழுந்த நீர்மின் நிலையம் ஒன்று இன்றும் இருக்கிறது. மேலே நிற்கும் பழைய கட்டடத்தோடு போட்டியிடுவதுபோல அதுவும் கல்லினாற் கம்பீரமாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதனைக் கட்டுவித்தவர் பிரபு அல்லர். பஞ்சாலை முதலாளியான கிறிஸ்தோபரோ பெனிஞோ கிறெஸ்பி. கோட்டையையும் மின் நிலையத்தையும் ஒரே பார்வையிற் காணும்போது, ஆற்றை ஆளும் உரிமை எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்பதை விளக்க வேறு பாடநூல் வேண்டியதில்லை.

அங்கிருந்து மறுகரைக்குச் சென்று, எம்முடன் வந்த மிலான் மாணவர் ஒருவர் வழிகாட்ட, தெற்கே நடந்தோம். பிரெம்போ என்னும் மற்றோர் ஆறு வந்து அட்டாவுடன் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னே, இரண்டு நதிகளுக்கும் நடுவே நாக்குப் போல நீண்டு கிடக்கும் நிலத்தில் கிறெஸ்பி டட்டா அமைந்துள்ளது. மேட்டிலிருந்து இறங்கும் சாலையில் நின்று பார்த்தால் ஊர் முழுவதும் கண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. ஆற்றோரமாக நீண்ட ஆலை, வானளாவிய புகைபோக்கி, நேர்கோடுகளாகச் செல்லும் தெருக்கள், தோட்டத்துடன் கூடிய ஒரே மாதிரியான வீடுகள். நாம் சென்ற வேளையில் தெருவில் ஒரு முதியவரின் துவிச்சக்கரவண்டியைத் தவிர வேறெதுவும் அசையவில்லை.

இவ்வூர் இயல்பாக வளர்ந்த ஊரன்று. மிலானுக்கு வடமேற்கே பூஸ்தோ அர்சீசியோ நகரிலிருந்து வந்த கிறெஸ்பி குடும்பம் 1878ஆம் ஆண்டில் வெறும் நிலத்தில் எழுப்பிய ஊர் இது. இந்த இடம் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதற்கு மறைபொருள் எதுவும் இல்லை. ஆற்றின் வீழ்ச்சி யந்திரங்களுக்கு வலுவைத் தந்தது. சுற்றியிருந்த பெர்காமோக் கிராமங்களின் ஏழ்மை குறைந்த கூலிக்கு ஆட்களைத் தந்தது. நீரும் மனிதரும் மலிவாகக் கிடைத்த இடத்திற் பஞ்சாலை எழுந்தது. ஆலையைச் சுற்றி ஊர் எழுந்தது.

முதலிற் பல குடும்பங்கள் ஒன்றாக வாழும் பெரிய கட்டடங்களே கட்டப்பட்டன. பின்னர், நிறுவியவரின் மகனான சில்வியோ கிறெஸ்பியின் காலத்தில், இங்கிலாந்தின் மாதிரியைப் பின்பற்றி, வேலியும் தோட்டமும் உள்ள சிறு வீடுகள் வரிசையாக எழுந்தன. பாடசாலை, வைத்தியசாலை, நாடக மண்டபம், கூட்டுறவுக் கடை, துணி துவைக்கும் பொது மண்டபம், சுடுநீர் வசதியுடன் குளியலகம் ஆகிய யாவும் அமைந்தன. இத்தாலியில் நவீன மின்விளக்கு முதன்முதலாகத் தெருக்களில் எரிந்த ஊர்களில் இதுவும் ஒன்று. ஒரு தொழிலாளி இவ்வூரின் வைத்தியசாலையிற் பிறந்து, இவ்வூரிலேயே படித்து, இவ்வூரின் ஆலையிலேயே உழைத்து, இவ்வூரின் சேமக்காலையிலேயே அடங்கலாம். வேறெங்கும் செல்லத் தேவையில்லாதபடி யாவும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன.

நியாயத்தை மறைத்துப் பேசுவது எமது நோக்கமன்று. அக்காலத்து வட இத்தாலியில் உழைப்பாளர் வாழ்ந்த வாழ்வை அறிந்தவர்கள் இந்த வீடுகளை அலட்சியமாகப் பேசமாட்டார்கள். குழந்தைகளை ஆலையிற் சேர்க்கும் வயதை ஒன்பதிலிருந்து பன்னிரண்டாக உயர்த்துவதற்கே இத்தாலியச் சட்டம் 1902ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. அதே சட்டம் பெண்களின் வேலைநாளைப் பன்னிரண்டு மணித்தியாலங்களாக ‘மட்டுப்படுத்தியது’. 1898ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்பத்தின் விலை உயர்ந்ததை எதிர்த்து மிலான் தெருக்களில் திரண்ட மக்கள்மீது பவா பெக்காரிஸ் என்ற படைத்தலைவன் பீரங்கி கொண்டு சுட்டான். அத்தகைய நாட்டில், காற்றும் வெளிச்சமும் நிறைந்த வீடு, பிள்ளைக்குப் பாடசாலை, நோயாளிக்கு வைத்தியர் என்பவை சிறிய பேறுகள் அல்ல. ஆற்றின் குளிர்நீரில் நின்று துணி துவைத்த பெண்ணுக்கு, கூரையிட்ட துவைப்பு மண்டபம் எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்!

ஆயினும், தெருக்களில் நடக்க நடக்க, ஊரின் அமைப்பிலேயே வேறொரு வாசகமும் எழுதப்பட்டிருப்பது தெரியவருகிறது. ஆலைக்கு அருகே, மரங்களிடையே, முதலாளியின் குடும்பம் கோடையிற் தங்குவதற்காகக் கட்டிய மாளிகை கோபுரத்துடன் கோட்டை வடிவில் நிற்கிறது. ஊருக்கு மேலே மேட்டில் வைத்தியர் வீடும் குருவானவர் வீடும் இருக்கின்றன. உடலைக் காப்பவரும் ஆன்மாவைக் காப்பவரும் அங்கிருந்து கீழே பார்த்தால் எல்லாக் கூரைகளும் தெரியும். தேவாலயமோ, கிறெஸ்பி குடும்பத்தின் சொந்த ஊரிலுள்ள மறுமலர்ச்சிக் காலத்துத் தேவாலயம் ஒன்றின் நேர்ப்பிரதி. பின்னாளில், 1920களில், எழுதுவினைஞருக்கும் மேலாளருக்கும் கட்டப்பட்ட அழகிய வில்லாக்கள் தொழிலாளர் வீடுகளிலிருந்து விலகித் தனியே நிற்கின்றன. எவர் எவ்விடத்தில் வாழ வேண்டும் என்பதை இங்கே கல்லும் செங்கல்லுமே சொல்லிவிடுகின்றன.

வீட்டுத் தோட்டங்களுக்கும் ஒரு பயன் இருந்தது. வேலை முடிந்தபின் செடிக்கு நீரூற்றும் தொழிலாளி மதுக்கடைக்குப் போகமாட்டான். மதுக்கடைக்குப் போகாதவன் அங்கே கூடும் மற்றவர்களோடு கூலியைப் பற்றிப் பேசமாட்டான். இவையனைத்துக்கும் மேலாக ஒரு விதி இருந்தது: ஆலையில் உழைப்பவருக்கும் அவர் குடும்பத்துக்குமே இவ்வூரில் வீடு. வேலை போனால் வீடும் போகும் என்ற விதியின் பொருளை எமது வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டிய அவசியமில்லை.

தெருவொன்றின் மூலையில், தன் வீட்டு வேலியோரம் தக்காளிச் செடிகளுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எம்மைக் கண்டு நிமிர்ந்தார். எண்பது வயதைக் கடந்தவர். பாட்டியும் தாயும் அந்த ஆலையில் நூற்றவர்கள். தாமும் இளமையில் அங்கே தறியில் நின்றவர். தாய் பன்னிரண்டு வயதில் உள்ளே போனார் என்றார். தறிகளின் இரைச்சலால் முதுமையில் அந்தத் தாய்க்குக் காது முற்றாகக் கேளாமற் போயிற்று. மாணவர் மொழிபெயர்க்க, நாம் அவருடன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். முதலாளியைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. “என் பாட்டி மாட்டுக் கொட்டிலுக்கு அருகே படுத்து வளர்ந்தவள். இங்கே வந்துதான் மேல்மாடியுள்ள வீட்டைக் கண்டாள்” என்று பெருமையுடன் கூறினார்.

“அப்படியானால் அவர்கள் நன்றாகத்தானே வாழ்ந்திருக்கிறார்கள், அம்மா?” என்று மாணவர் கேட்டார்.

மூதாட்டி சிறிது யோசித்தார். “நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். ஆனால், எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கோபம் வந்தால், முதலில் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்கள். பாட்டி அப்படிச் செய்வாள். முதலாளி போய் எவ்வளவோ காலத்துக்குப் பிறகும் அம்மா அப்படித்தான் செய்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.”

கிறெஸ்பி குடும்பம் ஆண்ட ஐம்பது ஆண்டுகளில் இங்கே ஒரு வேலைநிறுத்தங்கூட நிகழவில்லை என்று இவ்வூரைப் பற்றிப் பேசுவோர் பெருமையாகச் சொல்வதுண்டு. 1920ஆம் ஆண்டு செப்டெம்பரில் தூரினிலும் மிலானிலும் தொழிலாளர் ஆலைகளைத் தம் வசப்படுத்திக்கொண்டு, வாயில்களில் தாமே காவல் நின்றார்கள். மிலானோ இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத் தூரத்திலேயே இருக்கிறது. அந்த அலை ஏன் இந்தக் கரையைத் தொடவில்லை? இங்கிருந்த தொழிலாளிக்குக் குறையே இருக்கவில்லையா? பஞ்சுத் தூசியும் யந்திர இரைச்சலும் நீண்ட வேலைநாளும் இங்கேயும் இருந்தன. ஆனால், குறையைச் சொல்ல வாய் திறப்பவன் கூலியை மட்டுமன்றிக் கூரையையும் பந்தயமாக வைக்க வேண்டியிருந்தது. அந்த யன்னல் ஏன் சாத்தப்பட்டது என்பதை மூதாட்டியின் தாய் மறந்திருக்கலாம். முதன்முதற் சாத்திய பாட்டிக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

நல்ல முதலாளி ஒருவரின் கருணையை நம்பி வாழலாம் என்போருக்கு இவ்வூரின் வரலாறே பதில் சொல்கிறது. 1929ஆம் ஆண்டின் நெருக்கடியும் பாசிச அரசின் கடுமையான வரிக்கொள்கையும் சேர்ந்து கிறெஸ்பி குடும்பத்தை வீழ்த்தின. அவர்கள் ஊரை விற்றார்கள். ஆலையை மட்டுமன்று, வீடுகள், தெருக்கள், பாடசாலை என ஊர் முழுவதையும் ஒரு நெசவுக் கம்பனிக்கு விற்க நேர்ந்தது. அவ்வீடுகளில் அரை நூற்றாண்டாக வாழ்ந்தவர்கள், தோட்டங்களில் மரம் நட்டு வளர்த்தவர்கள், அந்த விற்பனையில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. கருணையாற் கிடைத்தவை அனைத்தும் ஒரு கையெழுத்தில் வேறொருவருக்குக் கைமாறின. சில்வியோ கிறெஸ்பி தொழிலாளர்மீது வைத்த பரிவு பொய்யென்று நாம் கூறவில்லை. ஆனால், உரிமையாக எழுதப்படாத பரிவு அதனை அளித்தவரின் கடன் கணக்கோடு சேர்ந்து முடிந்துவிடுகிறது.

ஊரின் தெற்கெல்லையில், தெரு முடியும் இடத்தில், சேமக்காலை இருக்கிறது. கயெத்தானோ மொரெத்தி என்ற கட்டடக் கலைஞர் அதனை 1900களில் அமைத்தார். திரெட்சோவின் மின் நிலையமும் அவர் கைவண்ணமே. வாயிலைக் கடந்ததும் புல்வெளியில், வரிசை வரிசையாக, தொழிலாளரின் சிறு கல்லறைகள். அவற்றின் எதிரே, கல்லும் சீமெந்தும் கொண்டு படிப்படியாக உயர்ந்து நிற்கும் கிறெஸ்பி குடும்பத்தின் சமாதி. இருபுறமும் கைகளை விரித்துத் தன் மக்களை அணைப்பதுபோல அது அமைந்திருப்பதாகச் சிலர் வருணிப்பர். எமக்கோ, இறந்த பின்னரும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளரின் நினைவு வந்தது. சிறு கற்களில் வெயிலும் மழையும் பெயர்களை அரித்துவிட்டிருந்தன. குனிந்து சிலவற்றைப் படிக்க முயன்றோம். பல எழுத்துக்கள் கைக்கு மட்டுமே தட்டுப்பட்டன, கண்ணுக்குத் தெரியவில்லை.

1970களில் வீடுகள் தனியாருக்கு விற்கப்பட்டன. அங்கே குடியிருந்த குடும்பங்கள் பல அவற்றை வாங்கிக்கொண்டன. 1995ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்வூரை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. அப்போதும் ஆலை இயங்கிக்கொண்டிருந்தது. எட்டு ஆண்டுகளின் பின், 2003ஆம் ஆண்டின் இறுதியில், ஆலை நின்றது. நதியின் வலுவும் கிராமங்களின் ஏழ்மையும் இங்கே ஆலையைக் கொண்டுவந்தன. அதனினும் மலிவான கைகள் உலகின் வேறு மூலைகளிற் கிடைத்தபோது ஐரோப்பாவின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வீடுகளையும் தேவாலயத்தையும் மரபுரிமையென்று காத்துக்கொள்ளலாம். அங்கே பன்னிரண்டு வயதில் உள்ளே போன சிறுமியின் கேளாத காதை எந்தப் பட்டியலிற் சேர்ப்பது?

மாலையில் நாம் திரும்பும் வழியில் ஆலையின் நீண்ட சுவரோரம் நடந்தோம். மறுபுறத்தில் அட்டா ஓடும் ஓசை கேட்டது. வழிகாட்டிய மாணவர், தாம் பள்ளிச் சிறுவனாக இவ்வூருக்குச் சுற்றுலா வந்தபோது, முதலாளி எத்துணை நல்லவர் என்று மட்டுமே எடுத்துச் சொன்னார்கள் என்றார். அவர் அடுத்த ஆண்டு ஆசிரியராகப் போகிறார். தம் மாணவர்களை இங்கே அழைத்துவருவீரா என்று கேட்டோம். “அழைத்துவருவேன். முதலில் சேமக்காலைக்கு, அதன் பிறகுதான் மாளிகைக்கு” என்றார்.

மேட்டுச் சாலை தொடங்கும் இடத்தை நாம் அடைந்தபோது, திறந்த யன்னல் ஒன்றிலிருந்து கணவன் மனைவி இருவர் உரத்த குரலிற் சண்டையிடுவது கேட்டது. மின்கட்டணத்தைப் பற்றிய சண்டையென்று மாணவர் சிரித்தபடி சொன்னார். அயல்வீட்டு நாய் குரைத்தது. யாரோ ஒருவர் அவர்களை அடங்கச் சொல்லி மூன்றாவது யன்னலிலிருந்து கத்தினார். யன்னலை எவரும் சாத்தவில்லை. காலையில் நாம் தேடி வந்த அமைதி அத்துடன் கலைந்தது. பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்ததால், அந்த இரைச்சலைக் கேட்டவாறு சற்று நேரம் அங்கேயே நின்றோம்.