திருப்பி ஒப்படைக்க வேண்டிய நேரம்

வாடகைக் காரின் சாவியைக் கையில் கொடுக்கும் முன் ஒரு தாள் தருவார்கள். காரை நாலு பக்கமும் பிரித்துப் போட்டதுபோல ஒரு கோட்டுப் படம் அதில் இருக்கும். அலுவலகத்துப் பெண் வண்டியைச் சுற்றி வருவாள், நாமும் கூடவே நடக்க வேண்டும். குனிந்து பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, கீறல் உள்ள இடத்திலெல்லாம் படத்தில் பெருக்கல் குறி போடுவாள். முன் பம்பரில் ஓர் உரசல், ஓட்டுநர் பக்கக் கதவில் பொட்டு அளவு நசுங்கல், பின்சக்கர மூடியில் சிராய்ப்பு. அப்புறம் பெட்ரோல் எவ்வளவு, ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு, எந்த இடத்தில் எத்தனை மணிக்குத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று வரிசையாக எழுதுவாள். கடைசியில் நம் கையெழுத்து.

இந்தத் தாளை வரிவிடாமல் படிப்பது என் வழக்கம். ஒரு பொருள் இன்னொருவர் கைக்கு மாறுகிற நேரத்தில் இரண்டு பக்கமும் எதற்கெல்லாம் பயப்படுகின்றன என்பது அதில் அப்படியே தெரியும். சுற்றுலாக் கப்பலில் வந்து ஒரு பகலுக்கு இறங்கிய கரீபியன் தீவான குவாதலூப்பில் எனக்குக் கொடுத்த தாள் பிரெஞ்சில் இருந்தது. படம் புரிந்தது, எண்கள் புரிந்தன, ஒப்படைக்கும் நேரம் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

“மாமா, ஆட்டோமேட்டிக் ஒண்ணுகூட இல்லையாம். கியர் வண்டிதான்” என்றான் அக்கா மகன். கனடாவில் வளர்ந்தவன். கிளட்ச் மிதித்துப் பழக்கம் இல்லை. ஆகவே வண்டி என்னிடம் வந்தது. அது பிரான்சின் ஒரு பகுதி, சாலை விதியெல்லாம் பிரெஞ்சு விதி, காசு யூரோ, வண்டி வலப்பக்கம் போகும். நம் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் மேசைமேல் வைத்தேன். கிரெடிட் கார்டில் முன்பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

தீவு பட்டாம்பூச்சி வடிவம். கிழக்கு இறகு கிராந்த்-தேர், சுண்ணாம்புப் பாறையும் கரும்பும் மணல் கரையுமான சமவெளி. மேற்கு இறகு பாஸ்-தேர், மழையும் காடும் எரிமலையும். நடுவில் உப்பாறு என்று பெயர் பெற்ற ஒரு குறுகிய கடல் கால்வாய். கப்பல் நிற்கும் புவான்தாபித்ர் நகரம் இரண்டு இறகும் சேருகிற இடத்தில் இருக்கிறது. கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் பேருந்துகள் பல கிழக்கே கடற்கரைக்குப் போகும். நாங்கள் பாலம் தாண்டி மேற்கே திரும்பினோம்.

அப்படிச் சொந்தமாகப் போகிறவர்களைக் கப்பல்காரர்கள் முன்கூட்டியே எச்சரிப்பார்கள். அவர்களுடைய பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. கப்பல் சில சமயம் தீவின் நேரத்தை விட்டுத் தன் சொந்த நேரத்தையே வைத்துக்கொள்ளும், ஆகவே கைக்கடிகாரத்தைக் கப்பலோடு ஒத்துப் பார்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். இதைக் கேட்டுப் பயந்து பாதிப்பேர் துறைமுகத்துக் கடைகளோடு நின்றுவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம் என்பது என் தீர்மானமான எண்ணம். ஒரு நாளுக்குள் ஒரு தீவைப் பார்த்துவிட முடியாது, ஒரு சாலையைப் பார்க்கலாம். அதற்கும் வண்டி நம் கையில் இருக்க வேண்டும், நினைத்த இடத்தில் பிரேக் போட முடிய வேண்டும்.

பாலம் தாண்டி ழாரி என்ற தொழிற்பேட்டைப் பக்கம் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, தாளில் பார்த்த அந்தப் பெருக்கல் குறிகள் திரும்பத் திரும்ப மனதில் வந்தன. இதே மாதிரி ஒரு தாளை வேறெங்கோ பார்த்திருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டிலிருந்து பிரிட்டிஷ் காலனிகளுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்குக் கொடுத்த எமிக்ரேஷன் பாஸ்தான் அது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, உயரம். அதன் கீழே உடல் அடையாளங்கள் என்று ஒரு வரி. இடது முழங்காலில் தழும்பு, வலது கன்னத்தில் மச்சம், நெற்றியில் காய வடு. ஆளை ஏற்றும் முன் ஒருவர் சுற்றி வந்து பார்த்து எழுதியிருக்கிறார். கீழே அதிகாரிகளின் கையெழுத்து.

இந்தத் தீவுக்கும் அப்படி வந்தார்கள். 1848-இல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒரெலி என்ற கப்பல் 1853-இல் பக்கத்துத் தீவான மார்த்தினிக்கில் முதல் இந்தியக் கூட்டத்தை இறக்கியது. மறு வருடம், 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில், அதே கப்பல் இன்னொரு கூட்டத்தைப் புவான்தாபித்ரில் இறக்கியது. 1889 வரைக்கும் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல் வந்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் மிகுதி. ஆகவே தமிழர் மிகுதி. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் வந்தார்கள்.

அவர்கள் ஒப்பந்தத்திலும் திரும்பும் நேரம் இருந்தது. ஐந்து வருடம் வேலை, முடிந்ததும் இலவசமாக ஊருக்குக் கப்பல். ஊர் திரும்பியவர்கள் கால் பங்குக்கும் குறைவு. பலர் தோட்டத்திலேயே செத்தார்கள். கெடு முடிந்தும் கப்பல் வராமல் காத்துக் கிடந்தவர்களும், வேறு வழியில்லாமல் இன்னொரு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்களும் உண்டு. அவர்கள் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டு 1888-இல் பிரிட்டிஷ் இந்திய அரசே பிரெஞ்சுக் காலனிகளுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. என் கப்பல் மாலையில் எனக்காக நிற்காதே என்று கவலைப்பட்டுக்கொண்டே ஓட்டிய சாலையில் இதை நினைத்துப் பார்க்க நெஞ்சு கனத்தது. எனக்கு விமான டிக்கெட் வாங்கப் பணம் இருக்கிறது, கையில் பாஸ்போர்ட் இருக்கிறது.

பெத்தி-பூர், குவாயாவ், சாந்த்-மரி. ஒவ்வொன்றும் சாலையோர ஊர். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மேகம் மூடிய மலை, நடுவில் வாழைத் தோட்டம். குலைகளுக்கு நீலப் பை மாட்டியிருந்தார்கள். சாந்த்-மரியில்தான் 1493 நவம்பரில் கொலம்பஸ் கரை இறங்கினான் என்று அங்கே ஒரு மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள். அதற்காக நான் வண்டியை நிறுத்தவில்லை.

காபெஸ்தேர் ஊருக்குச் சற்று முன்னால், பிரதான சாலையை ஒட்டியே, ஷான்ஜி என்ற இடத்தில் கோயில். வாழைத் தோட்டம் விலகினதும் வண்ணம் பூசிய தெய்வ உருவங்கள் கண்ணில் பட்டன. மாரியம்மனை அங்கே மாலியெமேன் என்கிறார்கள். மதுரைவீரன் மால்தேவிலென் ஆகிவிட்டார். மதுரைவீரன் அங்கேயும் எல்லைக் காவல்தான், அவருக்கு அங்கேயும் கிடாவெட்டுதான். இரவு முழுக்க ஆடும் நம் தெருக்கூத்தின் வழிவந்த ஒரு நாடகமும் அந்தத் தீவில் உண்டு. பேச்சு வழக்கிலிருந்து தமிழ் போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. பூசையில் மட்டும் நிற்கிறது. வாசலில் பேச்சுக் கொடுத்த ஒரு பெரியவர் தம் பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். கட்டம் போட்ட தாள், ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, உள்ளே ரோமன் எழுத்தில் அம்மன் தாலாட்டு. ஒரு வரியைப் பாடினார். ராகம் எங்கள் கிராமத்துத் திருவிழா ராகம். பொருள் அவருக்குத் தெரியாது. பாட்டு நின்றுபோகக் கூடாது என்பது மட்டும் தெரியும். நான் திருப்பிப் பாடினேன், அவர் என் உச்சரிப்பைக் கவனமாகக் கேட்டார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை இன்றுவரை விடவில்லை. நாகூர் மீரா என்றார். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இந்துக் கோயில் பூசைகளில் ஒரு கொடிமரம் நட்டு, நாகூர் மீரா பேரில் கொடி ஏற்றுகிறார்கள். நாகூர் ஆண்டவர்தான். ஷாகுல் ஹமீது என்ற இஸ்லாமிய ஞானி.

சின்ன வயதில் பாட்டி என்னை நாகூர் கந்தூரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். மதத்தில் பாட்டி சுத்த சைவம். வருடம் தவறாமல் நாகூர் போவாள், கேட்டால் “கடல் பக்கத்துல பொறந்தவளுக்கு ஆண்டவர் வேண்டாமா?” என்பாள். நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் வரும். அதில் கப்பல் வடிவ ரதங்கள், பாய்மரமும் கயிறும் சரவிளக்குமாக, தெருவில் ஆடி ஆடி வரும். என்னைத் தோளில் தூக்கிக் காட்ட ஆள் தேடுவாள். ஐந்து மினாராக்களில் உயரமானதைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தார். உயரம் 131 அடி. கடலில் வெகு தூரத்திலிருந்தே அது தெரியும் என்பாள் பாட்டி. அப்புறம் அந்தக் கதை. ஆண்டவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். திடீரென்று கையிலிருந்த கண்ணாடியைத் தூக்கி எறிந்தார். நாவிதருக்குப் பயம், பொருள் போச்சே என்று கவலை. நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த ஒரு கப்பலின் துளையில் அந்தக் கண்ணாடி போய் ஒட்டிக்கொண்டது. மாலுமிகள் பிழைத்துக் கரை சேர்ந்து கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். “திருப்பிக் கொடுத்தாங்க பாரு” என்று பாட்டி அந்த இடத்தை அழுத்திச் சொல்வாள்.

காரைக்காலிலிருந்து நாகூர் கூப்பிடு தூரம். கப்பலேறப் போனவர்கள் எந்தச் சாமியை வேண்டிக்கொண்டிருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. கப்பலைக் காக்கிறவரைத்தான் வேண்டியிருப்பார்கள். கரை இறங்கியதும் அவருக்குக் கொடியேற்றினார்கள். மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் பக்கத்தில், எந்தக் கேள்வியும் இல்லாமல், பேரன் பேத்திகள் இன்றும் ஏற்றுகிறார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா இருப்பது நமக்குத் தெரியும், பினாங்கிலும் உண்டு. அட்லாண்டிக்குக்கு அப்பால், வாழைத் தோட்டத்து நடுவில், அவர் இன்னும் கப்பலைக் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதை நான் பாட்டிக்குச் சொல்ல முடியாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மேலே காடு, கார்பே அருவி, லா சுஃப்ரியேர் எரிமலை எல்லாம் இருக்கின்றன. மூன்றடுக்காக விழும் அந்த அருவியின் இரண்டாம் அடுக்கு மட்டும் 110 மீட்டர். அதற்கான நேரம் கோயில் வாசலில் போய்விட்டது. காபெஸ்தேரில் சாலைக்கு இரு மருங்கும் அரசப் பனை மரங்கள் தூண் வரிசையாக நிற்கும் இடத்தில் மட்டும் மெதுவாக ஓட்டினேன். நோபல் பரிசு வாங்கிய கவிஞர் சேன்-ழான் பெர்சின் தாய்வழித் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த ஊரில் முதலில் நினைவுக்கு வருகிறவர் ஆன்றி சிதம்பரம். 1863-இல் கூலிக் குடும்பத்தில் அங்கே பிறந்தவர். ஒப்பந்தம் முடிந்து தங்கிவிட்ட இந்தியர்களின் பிள்ளைகளைப் பிரான்ஸ் தன் குடிமக்களாக ஏற்கவில்லை, ஓட்டு இல்லை. 1904-இல் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போய்ச் சிதம்பரம் வழக்கில் இறங்கினார். அது 1923 வரை இழுத்தது, கடைசியில் குடியுரிமை கிடைத்தது. திரும்பும் கப்பல் வராதவர்களின் மக்களுக்கு அந்தத் தீவைச் சொந்த ஊராக்கிக் கொடுத்தவர் அவர். நம் பள்ளிப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

திரும்பும்போது மழை. கப்பல் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே நகர எல்லைக்குள் வந்துவிட வேண்டும் என்று வகுத்துக்கொண்டிருந்ததால் ழாரி நெரிசல் எங்களை ஒன்றும் செய்யவில்லை. பெட்ரோல் நிரப்பி, தாளோடு வண்டியை ஒப்படைத்தோம். அதே பெண் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, புதுக் கீறல் இல்லை என்று கையெழுத்துப் போட்டாள்.

இதைப் படிக்கிற யாருக்காவது காரைக்கால், நாகப்பட்டினம், கடலூர், புதுச்சேரிப் பக்கம் சொந்தம் உண்டா? குடும்பத்தில் ‘கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லை’ என்று ஒரு பேச்சு உண்டா? அந்தப் பெயரையும் ஊரையும் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். குவாதலூப்பில் அந்தப் பேரப்பிள்ளைகள், பழைய பதிவேடுகளில் பிழையாக எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்து ஊர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.