கேஸ் மாத்திரையும் கசியும் பாலும்

திங்கள்

காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிய கம்பெனி பஸ்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புகின்றன. ஜன்னலோரம் தூங்கி வழியும் இளம்பெண்களில் பலர் வெறும் டீயோடு கிளம்பியவர்கள். நைட் ஷிப்ட் வாரம் வந்தால் சாப்பாட்டு நேரம் தலைகீழ். நெஞ்சு கரிக்கும், வயிறு உப்பும். இறங்கும் இடத்தில் மெடிக்கல் இருக்கவே இருக்கிறது. “அண்ணே, கேஸ் மாத்திரை நாலு குடுங்க.” கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார். அந்தத் துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் மிஞ்சும். பெயரின் வால் எங்கோ குப்பைத் தொட்டியில்.

அந்த வாலில்தான் இந்த வாரத்து விஷயமே இருக்கிறது.

செவ்வாய்

இந்தப் பேட்டையில் யாருக்கும் நேரக்கூடியது என்பதால் பெயரில்லாத ஒருத்தியை நினைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகாதவள். குளிக்கும்போது மார்பை அழுத்தினால் வெள்ளையாக ஏதோ கசிகிறது. இரண்டு பக்கமும். மாதவிலக்கும் தள்ளிப்போயிருக்கிறது. ஹாஸ்டலில் யாரிடமும் வாய் திறக்க முடியாது. ஊரில் அம்மாவிடம் சொன்னால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டாவது பயம் புற்றுநோய்.

டாக்டரும் முதலில் கர்ப்பப் பரிசோதனைதான் செய்யச் சொல்வார். அது சந்தேகமல்ல, வழக்கமான நடைமுறை. கர்ப்பம் இல்லை என்று தெரிந்ததும் அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “என்னென்ன மாத்திரை சாப்பிடுறேம்மா?”

புதன்

பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் புரோலாக்டின். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. அதை டோபமின் என்ற வேதிப்பொருள் ஓயாமல் அடக்கிவைத்திருக்கிறது. அந்த அடக்கம் தளர்ந்தால், பிள்ளை பெறாத மார்பிலும் பால் வரலாம்.

கேஸ் மாத்திரைகள் பலவற்றில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ரேபிபிரசோல் போன்றவற்றோடு டோம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கும். கத்தரித்து எறியப்பட்ட பெயரின் வால் சொல்வது இதைத்தான். வயிற்றை வேகமாகக் காலியாக்கும் இந்த இரண்டுமே டோபமினைத் தடுப்பவை. ரத்தத்தில் இருக்கும் கண்டதும் மூளைக்குள் நுழையாதபடி ஒரு தடுப்பு உண்டு. டோம்பெரிடோன் அதை அவ்வளவாகத் தாண்டாது. பிட்யூட்டரியோ அந்தத் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும், மனநல சிகிச்சையில் தரும் ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடும் இதே வேலையைச் செய்யும். மனநல மருந்தை மட்டும் தானாக நிறுத்திவிடக் கூடாது. பால் நிற்கலாம், நோய் திரும்பிவிடும்.

புரோலாக்டின் ஏறினால் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்கள் அடங்கிப்போகும். மாதவிலக்கு தள்ளிப்போவது அதனால்தான். கர்ப்பமில்லாதவளுக்குப் பால் வந்தால் மாதவிலக்கு நின்றிருக்கும் என்பதை ஹிப்பாக்ரடீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூலே குறித்துவைத்திருக்கிறது. மனித புரோலாக்டினைத் தனி ஹார்மோனாக அடையாளம் கண்டதோ 1970-களின் தொடக்கத்தில்.

வியாழன், திருவள்ளூர்

இங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. புறநோயாளி வரிசையில் நிற்பவளுக்கு ஒரே யோசனை: வீட்டில் கிடக்கும் மாத்திரைத் துண்டுகளையெல்லாம் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்துவிடுவது. எந்த ஸ்கேனையும்விட அந்தக் கவர் சீக்கிரம் பதில் சொல்லக்கூடும்.

ரத்தத்தில் புரோலாக்டின் அளவோடு தைராய்டும் பார்ப்பார்கள். தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும். அப்படியானால் தைராய்டு மாத்திரையே போதும், பால் தானாக வற்றும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் ஏறுவதுண்டு.

ஷிப்ட் வேலைக்காரிகள் கவனிக்க ஒன்று. இந்த ஹார்மோன் தூக்கத்தில் ஏறும், அது பகல் தூக்கமானாலும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த கையோடு லேபுக்கு ஓடினால் அளவு கூடுதலாகக் காட்டலாம். விழித்து இரண்டு மணி நேரமாவது ஆகட்டும். ஊசியைக் கண்டு பதறினாலும் கொஞ்சம் ஏறும். இன்னும் வருகிறதா என்று தினமும் பிதுக்கிப் பார்ப்பதும் சுரப்பைத் தூண்டும். அதை விட்டுவிட வேண்டும்.

வெள்ளி

எல்லாம் மாத்திரையால் என்று தட்டிக்கழிக்கவும் கூடாது. பிட்யூட்டரியில் புரோலாக்டினோமா என்ற கட்டி இருக்கலாம். அது புற்றுநோய் இல்லை. 10 மில்லிமீட்டருக்குக் குறைவானால் சிறிய கட்டி. பெரிதாகிப் பார்வை நரம்பை அழுத்தினால் தலைவலி வரும், ஓரப் பார்வை மங்கும். ஷெட்டில் பக்கவாட்டில் வரும் ஃபோர்க்லிஃப்ட் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். அந்த நிலையில் எம்.ஆர்.ஐ. எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரே மார்பில், ரத்தம் கலந்து, அழுத்தாமலே கசிந்தால் அது வேறு விவகாரம். அன்றைக்கே மார்பகப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

சனி

மருந்துதான் காரணமென்றால் டாக்டர் அதை நிறுத்தியோ மாற்றியோ மறுபடி ரத்தம் பார்ப்பார். டோம்பெரிடோன் மருத்துவர் சீட்டில் மட்டும் விற்க வேண்டிய மருந்து என்பதை அந்த நாலு மாத்திரைத் துண்டைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

கட்டியென்றாலும் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. கேபர்கோலின் மாத்திரை, வாரத்துக்கு ஓரிரு முறை. பால் வற்றும், கட்டி சுருங்கும், கருமுட்டையும் வெளிவரத் தொடங்கும். முதல் மாதவிலக்கு திரும்பும் முன்பே கரு தங்கிவிட வாய்ப்புண்டு. அதனால் மணமானவளிடம், இப்போது குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் சீட்டு எழுதும்போதே கேட்டுக்கொள்வார்.