தோணியும் தோளும்

வங்கக் கடலை ஒட்டி, ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து தமிழகம்வரை நீள்வது பக்கிங்காம் கால்வாய். உல்லாசத்திற்கென வெட்டப்பட்டதன்று, உப்பும் விறகும் ஏற்றிய தோணிகளின் வழி அது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை, 1877–78 பஞ்சத்தில் பசித்தவர்களே கூலிக்கு வெட்டினர்.

1934ஆம் ஆண்டு பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்கள் சூழ, அவ்வழியே மாமல்லபுரம் சென்றார். காற்று வாய்த்தால் தோணியில் பாய் விரியும். வாய்க்காவிடின் கரையில் நடப்பவர் கயிற்றைத் தோளிலிட்டு இழுக்கவேண்டும். கட்டுச்சோறு அவிழ்க்கவும் கதை பேசவும் உள்ளிருப்போர்க்குப் பொழுதுண்டு, இழுப்பவர்க்கு ஏது? பாவேந்தரின் பார்வை அத்தோளில் பதிந்தது. 'மாவலிபுரச் செலவு' என்னும் அவர்தம் பாடலில் அவ்வுழைப்பாளியும் இடம்பெற்றார்.

இன்று சென்னையில் அக்கால்வாய்க்குள்ளேயே பறக்கும் தொடர்வண்டியின் தூண்கள் ஊன்றப்பட்டுள்ளன. தோணிகள் இல்லை.